மூன்றாம் ஈடு

மழை பெய்யவில்லை. ஆனால் சமையலறைக்குப் பின்னால் இறக்கியிருந்த தகரக் கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

பெங்களூரிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த எந்தக் குடும்பஸ்தனும் செய்வதையே ஏனோக்கும் செய்தான். பையைக் கீழே போட்டுவிட்டு, ஷூவைக்கூடக் கழற்றாமல், கொடியில் கிடந்த துணியை அள்ளப் பின்வாசலுக்கு ஓடினான். துணி காய்ந்து அப்பளமாக விறைத்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது. அவன் குடியிருந்த சுரங்கத் தொழிலாளர் வரிசைவீடுகளான ஸ்கெலட்டன் லைனுக்கென்றே தனியாக ஒதுக்கியதுபோல் மேலே நிறைய நட்சத்திரங்கள், நடுவில் ஒரு மேகம்கூட இல்லை. தகரத்தில் மட்டும் அந்தச் சத்தம், ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் இடைவெளி தெரியாத அளவுக்கு நெருக்கமாக, யாரோ மேலே உட்கார்ந்து அவசரமில்லாமல் ரவையைச் சலித்துக்கொண்டிருப்பதுபோல் விடாமல் விழுந்தது.

கையை நீட்டிப் பார்த்தான். உள்ளங்கையில் விழுந்தவற்றில் ஈரம் இல்லை. கடுகைவிடச் சற்றுப் பெரிய, ஓரம் ஓரமாக வரி போட்ட உருண்டைகள். ஒன்றை நசுக்கினான். பச்சையும் கறுப்புமாகக் குழைந்தது. உடனே அதை முகர்ந்தும் பார்த்தான். இதுபோன்ற பொருளை மனிதன் முதலில் மூக்குக்குத்தான் கொண்டுபோகிறான். கீரையை வேகவைத்து, மூடி, மறந்துபோய், மூன்றாம் நாள் திறந்தால் வருமே, அந்த வாடை.

"பூ உதிருது," என்று முருங்கை மரத்தின் இருட்டைப் பார்த்துச் சொன்னான். முருங்கைப்பூ எந்தக் காலத்தில் உருண்டையாக உதிர்ந்தது என்று கேட்க அங்கே யாருமில்லை. கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் வீடு வெளிச்சத்தில் எப்படியிருக்கும் என்பது ஏனோக்குக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் தெரிகிற விஷயம். தங்கவயல் சுரங்கம் மூடியதிலிருந்து ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான். தாத்தாக்கள் கேஜ் என்கிற சுரங்க லிப்டில் ஏறி இருட்டுக்குள் இறங்கினார்கள். பேரன்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் இருட்டில் ஏறி, மறுபடி இருட்டில் வந்து இறங்குகிறார்கள். முன்னேற்றம் என்று பார்த்தால் இப்போது சீசன் டிக்கெட் இருக்கிறது. பெங்களூரில் ஒரு பூச்சி ஒழிப்புக் கம்பெனியில் போன் எடுக்கும் வேலை அவனுக்கு. கரப்பான், கரையான், மூட்டைப்பூச்சி என்று அழுகிறவர்களிடம் மூன்று மொழியில் "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று சொல்ல வேண்டும். இந்த வருடம் மார்கழியிலேயே வெயில் ஏற ஏறப் புகார்களும் ஏறி, ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். அதனால் தொடர்ந்து சில வாரங்களாக அவன் தன் வீட்டின் பின்புறத்தைப் பகலில் பார்க்கவில்லை.

பார்க்காவிட்டாலும் தொட்டுக்கொண்டிருந்தான். விடிவதற்கு முன்னால், ரயிலுக்கு ஓடும் அவசரத்தில், அவன் செய்கிற முதல் வேலை முருங்கைக்கீரை பறிப்பது. ஒரு கையால் கிளையை வளைத்துப் பிடிக்க வேண்டும், மறு கையால் காம்பின் அடியிலிருந்து நுனிவரை ஒரே உருவலாக உருவ வேண்டும், இதில் டார்ச் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. ஆகவே தடவித்தான் பறித்தான். பை நிறைந்ததும் அடுக்களை மேடையில் வைத்துவிட்டுப் போவான். மிச்சத்தை அவன் மனைவி வினோலியா பார்த்துக்கொள்வாள்.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள், சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் சரோஜம்மா, பல் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"இருட்டுல கீரையில கை வெக்கக் கூடாதுன்னு உங்க சாமி சொல்லலியா தம்பி?"

"எங்க சாமி ஒரு நாள்தான் லீவு குடுத்தாரு சரோஜம்மா. அதையும் கம்பெனி வாங்கிக்கிச்சு."

"தடவித் தடவிப் பறிக்கிறியே. இன்னா பறிக்கிறன்னு உனுக்குத் தெரியுதா?"

"கீரதான். வேற இன்னா கீது மரத்துல."

சரோஜம்மா துப்பிவிட்டு உள்ளே போனாள். அன்றே பங்காருப்பேட்டையில் இருக்கும் மகள் சுனிதா வீட்டுக்குப் பொங்கல் கொண்டாடக் கிளம்பியவள், அங்கே ஏ.சி. இருந்ததால் திரும்பி வரவில்லை.

கீரை வினோலியாவுக்காக. ஏழாம் மாதம். ஏற்கெனவே ஒன்று ஐந்தாம் மாதத்தில் போயிருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை, ஆனால் பேசாமலிருப்பதற்கு என்றே தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்கியிருந்தார்கள். இந்தமுறை ரத்தம் ஏறவில்லை. இரும்புச்சத்து மாத்திரை உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. ட்ரிப்ஸில் ஏற்றிப் பார்த்தபோது உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டி, பாதியில் கழற்றினார்கள். மிச்சம் இருந்தது கீரைதான்.

"ரத்தம் ஏழுலயே நிக்குது," என்றாள் ராபர்ட்சன்பேட்டையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் லூயிசா. "இன்னும் எறங்குச்சுன்னா கோலார் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடுவேன். அங்க போனா உன்னத் தனியா கூப்ட்டு ஒண்ணு கேப்பாங்க ஏனோக். அம்மாவா, கொழந்தயான்னு. அந்தக் கேள்வி வராம பாத்துக்கோ."

அவன் பார்த்துக்கொள்ளத்தான் செய்தான். ஒரு பை, இரண்டு பை ஆனது. மரமும் ஒத்துழைத்தது. தங்கவயலில் தை மாதம் என்றால் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, பேசினால் வாயிலிருந்து புகை. இந்த வருடம் விடிகாலையிலேயே மின்விசிறி. டிசம்பரில் யாரும் கேட்காமலே நான்கு நாள் மழை. இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்க வேண்டிய முருங்கை, குழம்பிப்போய்க் கொழுகொழுவென்று துளிர்த்திருந்தது. விரலில் படும் ஒவ்வொரு இலையும் ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிதாக இருந்தது. வினோலியா பொரியல், அடை, கூட்டு, சூப் என்று தின்றாள். தின்ற பிறகும் பசித்தது. பசியோடு பசியாக வெளுத்தாள்.

இதைத்தான் அவன் ரயிலில் ராதிகாவிடம் சொன்னான். ராதிகா மாரிக்குப்பத்திலிருந்து ஏறி இடம் பிடித்து வைக்கிறவள், பெங்களூரில் ஒரு விவசாயக் கல்லூரியின் லேபில் புழு வளர்ப்பவள். படித்த படிப்புக்கு அதுதான் கிடைத்தது என்பாள்.

"எல பெருசா கீதுன்னு சந்தோஷப்படாதீங்கண்ணா. சிப்ஸ் பாக்கெட் மாதிரி அது. பாக்கெட் பெருசு, உள்ள காத்து."

"கீரைக்குள்ள எப்பிடி காத்து வரும்?"

"காத்தே மாறிடுச்சில்ல. லேப்ல ரெண்டு கூண்டு வெச்சிருக்கோம். ஒண்ணுல இன்னிக்கு காத்து. இன்னொண்ணுல நம்ம பேரப்பசங்க காலத்துக் காத்து, கார்பன் ஜாஸ்தி போட்டு. அந்தக் கூண்டுல செடி சூப்பரா வளருது. ஆனா எலையில சத்து கம்மி. அதே புழு, அதே சத்து கெடைக்கணும்னா நெறைய துன்னணும். துன்னுது. நிறுத்தவே மாட்டேங்குது. சூடு வேற. முன்னல்லாம் வருசத்துக்கு ஒரு ஈடு புழு வரும், மழைக்கப்புறம். குளுர்ல அடங்கிடும். இப்ப குளுரே இல்ல, அதனால ரெண்டாவது ஈடு, மூணாவது ஈடுன்னு பொரிச்சிக்கினே கீது."

"சரி, சத்து எங்கதான் போவுது?"

ராதிகா ஜன்னலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். "எங்க போவும். எலையில இருக்கிற கொஞ்சத்தையும் உறிஞ்சி, புழு தன் ஒடம்புல சேத்து வெச்சிக்குது. நம்மள மாதிரி வேஸ்ட் பண்றதில்ல."

ஏனோக் தன் கையைச் சொறிந்துகொண்டான். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை சிவப்புச் சிவப்பாகத் தடித்திருந்தது. ஆபீஸ் பாத்ரூமில் புதிதாக வைத்திருக்கும் மலிவு சோப்பு என்று முடிவு செய்திருந்தான்.

அந்த வாரம் வினோலியா முதன்முறையாகச் சிரித்தாள். "இப்பல்லாம் கீர நல்லா கீதுங்க. முன்ன மாதிரி சப்புன்னு இல்ல. நடுவுல நடுவுல மொறுமொறுன்னு ஒண்ணு வருது."

"தேங்காயா இருக்கும்."

"தேங்கா போட்டு பத்து நாளாச்சு."

சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். விளக்கு மங்கலாக எரிந்தது, மாலையில் லைன் முழுக்க வோல்டேஜ் அப்படித்தான். அவள் தாடை அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். மேலும் கீழுமாக இல்லாமல், இடமும் வலமுமாக, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், விளிம்பிலிருந்து நடுவை நோக்கி ஒழுங்காக, ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் தின்றாள். தகரத்தில் தூறல் நிற்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு ஓவர்டைம் இல்லை. காலை ஆராதனை முடிந்து, பைபிளும் கையுமாக, நல்ல வெயிலில் அவன் பின்வாசலுக்கு வந்தான்.

மரத்தில் இலை இல்லை.

ஒன்றுகூட இல்லை. நரம்புகள் மட்டும் குச்சிக்குச்சியாக வானத்தில் நின்றன. அவன் ஒவ்வொரு காலையிலும் இருட்டில் வளைத்து உருவிய தாழ்ந்த கிளையில், நுனியில் நான்கைந்து பழுப்பு இணுக்கு. அவ்வளவுதான். அப்படியானால் நேற்று அவன் கை நிறைய எதை உருவினான்?

கண் மெல்லக் கீழே வந்தது. அடிமரம் பருத்திருந்தது. யாரோ குளிருக்காக மரத்துக்கு ஒரு பழைய கம்பளியைச் சுற்றிக் கட்டியதுபோல், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல், சாம்பலும் பழுப்பும் கலந்த அடர்ந்த ரோமம். காற்றில்லாத வெயிலில் அந்த ரோமம் அசைந்தது. ஒரு பக்கம் எழும்பி, மறுபக்கம் அடங்கி, தூங்குகிற மிருகத்தின் விலாவைப் போல மூச்சு வாங்கியது. ஒன்றன்மேல் ஒன்றாக, ஒன்றின் தலைமேல் மற்றதன் வால், விரல் நீளமும் விரல் பருமனுமான கம்பளிப்பூச்சிகள். இடமில்லாமல் பிதுங்கியவை பொத்துப் பொத்தென்று கீழே விழுந்தன, புரண்டன, முடியை உதறிக்கொண்டு திரும்பவும் ஏறின. பட்டையெங்கும் அவை கழித்த பச்சைக் கறை வடிந்து, காய்ந்து, அதன்மேல் மறுபடி வடிந்திருந்தது. பகல் முழுக்க இப்படி அடிமரத்தில் ஒட்டிக் கிடந்துவிட்டு, இருட்டியதும் மேலே ஏறித் தின்று, தகரத்தில் எச்சத்தைத் தூறலாகக் கொட்டுகிற ஜாதி. விடிகாலையில் கிளையில் இருக்கிற ஜாதி.

அவன் கையைப் பார்த்தான். தடிப்புகளின் நடுவில், வெயிலில் பார்த்தால் தெரிகிற மாதிரி, மெல்லிய பொன்னிற முடிகள் நட்டு வைத்ததுபோல் நின்றன.

நாக்கில் எச்சில் ஊறியது. பைபிளைச் சுவர்மேல் வைத்துவிட்டு, சாக்கடையோரம் குந்தி, வயிற்றில் இருந்ததையெல்லாம் வாந்தியெடுத்தான். வந்தது பச்சையாக இருந்தது. முந்தின இரவு அவனும் அந்தப் பொரியலைத்தான் சாப்பிட்டிருந்தான்.

வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல அவனிடம் ஒரு வாசகம் இருந்தது: எங்கள் சேவை வீட்டுக்குள் வரும் பூச்சிகளுக்கு மட்டுமே. அதனால் கம்பெனியை நம்பாமல், பைக்கிலிருந்து பெட்ரோல் எடுத்து, கம்பு நுனியில் கந்தல் சுற்றி, பந்தம் கொளுத்தினான். அந்த நேரம் பார்த்து, காலை ரயிலில் பங்காருப்பேட்டையிலிருந்து வந்திறங்கிய சரோஜம்மா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அய்ய, இன்னாடா இது கண்றாவி. மரம் உன்னுதா, இல்ல பூச்சிக்கு வாடகைக்கு வுட்டுட்டியா?"

"தள்ளிப் போங்க சரோஜம்மா. தெறிக்கும்."

தெறித்தது. நெருப்பு பட்ட இடத்தில் முதலில் முடி சுருண்டது, பிறகு ஒவ்வொன்றாக உப்பி, பட்டாசுத் திரியின் நுனிபோல் சீறி, வெடித்து, உள்ளேயிருந்த பச்சைக் குழம்பு பட்டையில் கொதித்தது. மொத்தமாகக் கழன்று விழுந்தன. விழுந்தவை நெளிந்தன. சரோஜம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். ஏனோக்குக்கும் மூக்கை மூடத் தோன்றியது. ஆனால் அந்த வாசனை. நாறவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. கொழுப்போடு எதையோ வறுக்கிற வாசனை.

பின்னால் வினோலியா நின்றிருந்தாள். கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு ஈரமாக.

"இன்னா வறுக்கிறீங்க?" என்றாள்.

"உள்ள போ வினோ."

அவள் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தரையில் கிடந்த குவியலைப் பார்த்தாள். பிறகு சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையைப் போல உள்ளே போனாள்.

அன்றிலிருந்து கீரை ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டிலிருந்து வந்தது. ஏனோக்கே உப்புத் தண்ணீரில் மூன்றுமுறை அலசி, ஒவ்வொரு இலையையும் பல்பு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சுத்தமென்றால் அப்படியொரு சுத்தமாக ஆய்ந்து வைத்தான். வினோலியா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். அடுத்த பரிசோதனையில் ரத்தம் ஆறுக்கு வந்தது. அவள் நகத்தடி மெழுகுவர்த்தி நிறமானது. படியேறினால் மூச்சு வாங்கியது. உதைத்துக்கொண்டிருந்த குழந்தை உதைப்பதைக் குறைத்துக்கொண்டது. பிறகு ஒரு முழுப் பகல் அசையவே இல்லை என்று அவள் போனில் சொன்னபோது, மறுமுனையில் ஏனோக் பழக்கதோஷத்தில் "உங்க கஷ்டம் புரியுதுங்க" என்று சொல்லிவிட்டான்.

"திங்கக்கெழம வரைக்கும் பாப்பேன்," என்றாள் டாக்டர் லூயிசா. "அப்பறம் கோலார்தான்."

அன்று வீட்டுக்கு வந்தபோது வினோலியா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"அந்தப் பழைய கீரையே பறிச்சிக் குடுங்க," என்றாள்.

"அந்த மரத்துல கீர இல்ல வினோ."

"தெரியும்."

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கழுவுறது நான்தானே," என்றாள். "கீரையில புழு வந்த ரெண்டாவது நாளே பாத்துட்டேன். சின்னச் சின்னதா, நூல் மாதிரி இருந்துச்சி. பொறுக்கிப் போட்டுட்டு வெறும் கீரய துன்னேன், பாப்பா அசையல. அடுத்த நாள் பொறுக்காம வதக்கினேன். உதச்சுது." திரும்பி அவனைப் பார்த்தாள். "அதுக்குப் புடிக்கிது. நான் இன்னா பண்ணட்டும் சொல்லுங்க."

பின்வாசலில் தகரத்தின்மேல் தூறல் ஆரம்பித்திருந்தது. ராதிகாவின் கணக்குப்படி எரித்தது இரண்டாவது ஈடு. மேல் கிளைகளில் முட்டையாக ஒட்டியிருந்த மூன்றாவது, வெயிலின் புண்ணியத்தில் பொரிந்து, புதிதாக விட்ட துளிரைத் தின்று வளர்ந்துவிட்டிருந்தது. ஏனோக் ஒரு எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனான். டார்ச் எடுக்கவில்லை. முன்பு எடுக்காததற்குக் காரணம் கை போதாமை. இப்போது காரணம் வேறு. கிளையை வளைத்தான். அடியிலிருந்து நுனிவரை உருவினான். கைக்குள் அது குளிர்ந்து, மெத்தென்று, பல கால்களோடு வந்தது.

முடியை அடுப்புத் தீயில் வாட்டிப் பொசுக்கி, தவாவில் போட்டான். சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவைச் சத்தமாக வைத்தான். தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். காதைத் திருப்ப முடியவில்லை. அரை மணியில் அவள் அவன் கையைப் பிடித்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளிருந்து ஒரு உதை. கெட்டியாக, திருப்தியாக.

திங்கட்கிழமை ரத்தம் ஏழரை. அடுத்த முறை ஒன்பது. டாக்டர் லூயிசா காகிதத்தை இரண்டுமுறை படித்தாள், கண்ணாடியைக் கழற்றி மூன்றாம் முறையும் படித்தாள்.

"இன்னா குடுக்கிற?"

"கீரதான் டாக்டர்."

"எதுவோ, அதையே குடு. நிறுத்திடாத."

அவன் நிறுத்தவில்லை. தூக்கு போதாமல் குடத்துக்கு மாறினான். முன்பெல்லாம் ரயிலில் வருபவர்கள் இருட்டியதும் வீட்டுக்குள் அடங்குவார்கள். இப்போது ஏனோக் லைன் லைனாக நடந்தான், யார் வீட்டுப் பின்புறத்தில் முருங்கை நிற்கிறதென்று பார்த்துக்கொண்டு. நன்றாக வளர்ந்தவை மட்டும் அவளுக்குப் போதவில்லை, எண்ணிக்கை வேண்டியிருந்தது. அவனுடைய இரண்டு கையும் வீங்கி மோதிரம் சதைக்குள் போய்விட்டது. ஒருநாள் சரோஜம்மா குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பூச்சிய புடிச்சி இன்னா தம்பி பண்ற?"

"கம்பெனிக்கு சாம்பிள்."

"நல்ல கம்பெனி. சம்பளத்துக்குப் பதிலா இத்தயே குடுத்துடுவான் பாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு அவன் கையைப் பார்த்தாள். சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அன்றிலிருந்து பின்வாசல் கதவை அவள் திறப்பதில்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை அவன் ஆராதனைக்குப் போகவில்லை. முந்தின நாள் குடம் பாதிகூட நிறையவில்லை. காலையில் வினோலியா தட்டை நக்கிவிட்டு, "இன்னும்," என்று ஒரே வார்த்தை சொன்னாள். இப்போதெல்லாம் அவள் அதிகம் பேசுவதில்லை. பகலில் அவை அடிமரத்தில் இருக்கும், சுலபமாக வழித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று குடத்தோடு கிளம்பினான்.

வெயில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டின்மேல் வெள்ளையாக நின்றது. முதல் மரம் மொட்டை. அடிமரமும் மொட்டை. பட்டையில் காய்ந்த தோல்கள் மட்டும் கைவிட்ட காலுறைபோல் ஒட்டியிருந்தன. அடுத்த லைன் மரத்திலும் அதே. அதற்கடுத்ததிலும். வேப்பமரம், கொய்யா, யூகலிப்டஸ் என்று ஒன்றையும் விடாமல் பார்த்தான். இலைகள் இல்லை. பூச்சிகளும் இல்லை. தின்ன எதுவும் மிச்சமில்லாத ஊரில் அவை எங்கே போகும்?

குடம் கையில் ஆடியது. வெறும் குடம். நாளைக்குக் கிளினிக். ரத்தம் இறங்கினால் கோலார். கோலாரில் அந்தக் கேள்வி. அவன் வேகமாக நடந்தான். பிறகு ஓடினான்.

பின்வாசல் கதவு திறந்திருந்தது.

படியில் ஒரு கோடு. கரியால் இழுத்ததுபோல், கை அகலத்துக்கு. வெயிலில் அது பளபளத்தது. நகர்ந்தது.

குடத்தைக் கீழே வைத்தான். சத்தம் வராமல்.

கோடு சாக்கடையைத் தாண்டி வந்திருந்தது. சரோஜம்மா வீட்டுச் சுவரின் மேலாகவும் ஒன்று. சந்திலிருந்து ஒன்று. எல்லாம் படியில் சேர்ந்து, ஒன்றின் வாலை ஒன்று தொட்டபடி, வரிசை கலையாமல், தள்ளுமுள்ளு இல்லாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தன. ரயிலுக்குக்கூட இந்த ஊர் இப்படி வரிசையில் நின்றதில்லை.

அடுக்களை. மேடையைத் தொடவில்லை. அரிசி டப்பா, காய்கறிக் கூடை, எதையும் தொடவில்லை. நேராக நடுவீடு. நடுவீட்டிலிருந்து படுக்கையறை.

வாசனை. அந்த மூன்றாம் நாள் கீரை வாசனை. சூடாக.

அறையில் ஜன்னல் திறந்திருந்தது. நல்ல வெளிச்சம். எதையும் நிழலென்று சொல்லித் தப்பிக்க முடியாத வெளிச்சம். வினோலியா கொசுவலைக்குள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் மூடியிருந்தது. கன்னம் சிவந்திருந்தது. இத்தனை மாதத்தில் இவ்வளவு ஆரோக்கியமாக அவளை அவன் பார்த்ததில்லை.

வாய் திறந்திருந்தது. தூக்கத்தில் திறக்கிற மாதிரி இல்லை. அகலமாக. காத்திருக்கிற மாதிரி.

கட்டில் காலில் கோடு ஏறியது. மெத்தை விளிம்புக்கு வந்து நின்றது. வலை மெத்தைக்கு அடியில் நன்றாகச் செருகியிருந்தது. காலையில் அவன்தான் செருகினான். அங்கே அவை குவிந்திருந்தன. குவியல் முழங்கை உயரம். முடியும் தலையும். நூற்றுக்கணக்கான சின்னக் கறுப்புத் தலைகள் வலையின் கண்களில் முட்டின. பின்வாங்கின. முட்டின.

"வினோ."

அவள் கண் திறக்கவில்லை. நாக்கு மட்டும் வெளியே வந்தது. உதட்டைத் தடவிவிட்டு உள்ளே போனது.

நைட்டிக்குள் வயிறு அசைந்தது. ஒரு பக்கம் தட்டையானது. மறுபக்கம், வலையின் பக்கம், கூம்பாகப் புடைத்தது. முழங்கையா. குதிகாலா. தலையா. புடைப்பு குவியலை நோக்கி நகர்ந்தது. அதற்கு நேர் எதிரே வந்து நின்றது. தள்ளியது. துணி விறைத்தது.

வலைக்கு இந்தப் பக்கம் அத்தனை தலைகளும் அசைவதை நிறுத்தின. ஒரே திசையில் நிமிர்ந்தன.

விளக்குமாறு கதவுக்குப் பின்னால் இருந்தது. பெட்ரோல் பைக்கில் இருந்தது. ஒரே வீச்சில் வழித்துத் தள்ளிவிடலாம். தள்ளினால் நாளைக்கு என்ன கொடுப்பது?

வினோலியாவின் வயிற்றுக்குள்ளிருந்து தள்ளல் மெல்லக் குறைந்தது. புடைப்பு தளர்ந்தது. அமுங்கியது. அவள் கன்னத்துச் சிவப்பு கண்ணெதிரே வடியத் தொடங்கியது.

ஏனோக் கட்டிலருகே முட்டிபோட்டான். வீங்கிய விரல்களால் மெத்தைக்கு அடியில் துழாவி, வலையின் ஓரத்தைக் கண்டுபிடித்தான்.

தூக்கிப் பிடித்தான்.

முதலாவது விரிப்பைக் கடந்து, தலையணையில் ஏறி, அவள் கீழுதட்டில் முன்கால்களை வைத்தது. உள்ளே போனது. அதன் வாலைத் தொட்டபடி அடுத்தது. அதன் வாலைத் தொட்டபடி அடுத்தது. அவள் மெல்லவில்லை. தொண்டை மட்டும் வழிவிட்டு, வழிவிட்டு, வழிவிட்டு அகன்றது. வயிறு மெதுவாக, நன்றியோடு, அவன் பக்கமாகத் திரும்பியது.